அடுத்த ஊர்க்காரர்கள்

ஏப்ரல் 4

அண்ணாவுக்கு,

இல்லை, தரையில் கோடு எதுவும் இல்லை. நீ கிண்டலாகத்தான் கேட்டாய். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நானும் ஒரு நொடி கீழே பார்க்கிறேன்.

பன்னிரண்டு நாளாக வடக்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஊருக்கு இருபது வீடு. வீட்டுக்கு ஒரு படிவம். படிவத்தில் நாற்பது கேள்வி, ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். ஊரின் சராசரி இருபத்தெட்டு வந்தால் அது தெற்கு. இருபத்தேழு வந்தால் இல்லை. தெற்கு எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டு அச்சடிக்கவேண்டும் என்பது எங்கள் ஆய்வு நிலைய இயக்குநரின் வாழ்நாள் ஆசை. "பண்பாட்டுக்கு வேலி வேண்டாமாம்மா?" என்கிறார். அவர் வீட்டுத் தோட்டத்துக்கே வேலி கிடையாது. தெருமாடு எல்லாம் உள்ளே மேய்கிறது.

படிவம் தயாரித்தபோது எங்கள் எல்லோரையும் அவரவர் வீட்டு நடைமுறையை எழுதித் தரச் சொன்னார்கள். ஞாபகமிருக்கும். என்னுடையதை அளவுகோலாக எடுத்தார்கள். 'கலப்படமில்லாத தெற்கத்தி வீடு' என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதினார் இயக்குநர். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். விருந்தாளி தெருமுனை திரும்பும்வரை கதவைச் சாத்தாமல் நிற்பது, ஒரு மதிப்பெண். கத்தரிக்கோலைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது, ஒன்று. ஈரத்துணியை உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போடுவது, ஒன்று. நம் வீட்டை வைத்து ஒரு நிலப்பரப்பையே அளக்கிறேன்.

பதினான்காவது கேள்வி மட்டும் என்னுடையதில்லை. இயக்குநர் சேர்த்தது. வீட்டின் மணம்: தெற்கு, கலப்பு, வடக்கு. நுழைந்ததும் அவர்களுக்குத் தெரியாமல் மூச்சை இழுத்து, ஒரு கட்டத்தில் டிக் போடவேண்டும். நேற்று ஒரு வீட்டில் பக்கவாதம் வந்த மனிதர் முன்னறையிலேயே படுத்திருந்தார். மருந்து, மூத்திரம், துவைக்காத போர்வை. அவர் மனைவி எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் மூச்சை இழுத்தேன். 'கலப்பு' என்று குறித்தேன். வெளியே வந்து சாக்கடையோரம் துப்பினேன். அந்த வீட்டின் வாடைக்காக இல்லை.

கடைசிக் கேள்வி, தெற்கு எங்கே முடிகிறது? எல்லா ஊரிலும் ஒரே பதில். அடுத்த ஊரில். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்டிக்கடைக்காரர், "பாலம் தாண்டிட்டா வடக்கத்தியானுங்கதான்" என்றார். தாண்டினேன். அங்கே சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார். "யாரு, நாங்களா? நாங்க அசல் தெற்குங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்கிப் பாருங்க. வீடு துடைக்கிற துணியாலயே சோத்துத் தட்டைத் துடைப்பானுங்க."

"பார்த்திருக்கீங்களா?"

"இதைப் போயி பார்க்கணுமா? ஊருக்கே தெரியுமே."

துணி என்றதும் நான் பேனாவை மூடிவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். மதிப்பெண் வடக்கே போகப்போகக் குறையவேண்டும். கூடுகிறது. நம் ஊருக்குப் பக்கத்து ஊர் இருபத்தொன்று. இது இருபத்தொன்பது. இயக்குநருக்கு எழுதினேன். 'மறுபடி கூட்டிப் பார்க்கவும்' என்று ஒரு வரி வந்தது.

குழந்தை வாலுவை அண்ணியிடமிருந்து கேட்டு நீ போட்ட வழக்கு என்ன ஆயிற்று? லாட்ஜ் தலையணையில் வேறு யாருடைய முடியோ. உறையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும்.

சின்னவள்


ஏப்ரல் 9

என் அருமைச் சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துண்டைச் சுருட்டி வைத்துப் படு. இதையெல்லாம் அண்ணன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, இத்தனை படித்தவளுக்கு.

கடை ஓடுகிறது. போன வாரம் ஒருவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டினேன். மறுநாளே திரும்பி வந்தார். "பழைய கண்ணாடியில என் சம்சாரம் அழகா இருந்தா தம்பி. பழைய பவரையே போட்டுக் குடுத்துடு" என்றார். கேட்டதைப் போட்டுக் கொடுப்பதுதானே நம் தொழில்.

வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை தெற்கத்திச் சூழலில் வளரவேண்டும் என்பதுதான் நம் மனுவின் உயிர். நீதிபதி அம்மா நேற்று அதிலேயே கை வைத்துவிட்டார். "தாயின் ஊரும் தெற்குதான் என்கிறது எதிர்த்தரப்பு. முதலில் தெற்கு எங்கே முடிகிறதென்று இந்த அறையில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நம் வக்கீல் எழுந்து உன் நிலையத்தைச் சொன்னார். அவள் ஊரைப் பற்றி நிலையம் தரும் அறிக்கையை வைத்து 30ஆம் தேதி தீர்ப்பு.

அந்த ஊர் உன் பட்டியலில்தான் இருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. வழக்குப் போட்டவன் உன் அண்ணன் என்று உன் இயக்குநருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பொய் எழுது என்று நான் சொல்லவே மாட்டேன். பேனாவைக் கொஞ்சம் சோம்பலாகப் பிடி, போதும். சராசரி இருபத்தேழரை வந்தால் அந்த அரைக்கு யார் அழப்போகிறார்கள்?

வாலுவுக்கு ஒன்பது வயது முடியப்போகிறது. பெற்ற மகளை மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பார்க்கிறவன் மனசு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அம்மா அவளுக்காக உன் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். உன் புத்தகமெல்லாம் பரணில் பத்திரமாக இருக்கிறது.

துணி விஷயத்தை ஏன் இப்போது எடுக்கிறாய்? வீடு துடைக்கிற துணியால் உன் அண்ணி வாலுவின் தட்டைத் துடைத்ததை, உறவு மொத்தமும் உட்கார்ந்திருந்த கூடத்தில் நின்று "ஆமா, நான் பார்த்தேன்" என்று சொன்னது நீதானே. அன்றைக்கு இருந்த தைரியம் இன்றைக்கும் இருக்கட்டும்.

அம்மா, நீ அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவதில்லை என்று குறைப்படுகிறாள்.

உன் அன்பு அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

அம்மாவுக்கு எழுத முயன்றேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை.

துணிக் கதையை இதுவரை நான்கு ஊரில் கேட்டுவிட்டேன். நான்கிலும் சொல் மாறவில்லை. முதலில் 'வீடு துடைக்கிற துணி', அப்புறம் 'சோத்துத் தட்டு', கடைசியில் முகத்தைச் சுளிப்பது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, லைன்மேன் ஒருவர், கல்யாணமாகிப் பத்து நாள் ஆன ஒரு பெண். எல்லோரும் அடுத்த ஊரைப் பற்றித்தான். அடுத்த ஊருக்குப் போனால் அங்கே அதற்கும் அடுத்த ஊர். யாரும் பார்த்ததில்லை. அந்தத் துணி ஊர் ஊராக எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போகிறது.

டீச்சரிடம் சொன்னேன். "உங்களைப் பத்தி இதையேதான் அந்தப் பக்கத்து ஊர்ல சொன்னாங்க."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்களையா? அவங்களா? அவங்க வீட்டுப் பொண்ணைத்தான் எங்க சித்தப்பா கட்டியிருக்கார். அவ லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?"

கிளம்பும்போது என் பையில் இருந்த படிவக் கட்டைத் தொட்டு, "எங்களுக்கு எத்தனை போட்டீங்க?" என்றாள். கண்ணில் ஒரு பசி. பரீட்சைப் பேப்பர் வாங்க நிற்கும் பிள்ளையின் பசி. நான் அந்த ஊரிலிருந்து ஓடிவந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவதை நின்றுகொண்டு படிக்காதே.

அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை. குளியலறையில் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் சோப்பு. சத்தம் கேட்டு, ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தேன். அம்மா, "இவளே பார்த்தாளே, கேளுங்க" என்று என்னைக் காட்டினாள். பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா, நான் பார்த்தேன்" என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. குழந்தை இல்லை. அன்று சாயங்காலமே அண்ணி வாலுவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா பார்த்தாளா? நீ பார்த்தாயா? எனக்கு எழுது. ஒருவராவது பார்த்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஐந்து வருஷம் சாப்பிட்டேன், தூங்கினேன்.

சின்னவள்


ஏப்ரல் 17

சின்னவளுக்கு,

ஊர் ஊராகச் சுற்றிக் கண்ட தண்ணீரையும் குடித்து உனக்குப் பித்தம் ஏறிவிட்டது. ஆறிய கஞ்சி பழங்கஞ்சி. அதைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். நான் கடையில் இருந்தேன். எனக்கெப்படித் தெரியும்? அம்மாவும் பார்த்ததாகச் சத்தியம் செய்யமாட்டாள். அதனால் என்ன? துணி ஒரு சாக்கு. அன்றைக்கு அது இல்லையென்றால் வேறு ஏதாவது. வடக்கத்திக்காரியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது? என் அவசரம், நானே போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். அம்மா சரிசெய்தாள். அவ்வளவுதான்.

நீ வாலுவை நினைத்துக் கலங்குவதாகத் தெரிகிறது. கலங்காதே. அம்மாவால் இந்த வயதில் ஒரு பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. தீர்ப்பு வந்ததும் நல்ல விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். உன் அறையை ஒழித்தது, நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து பார்த்தால் காட்டத்தான். விஷயம் இதுதான். அவள் ஜெயித்து நான் தோற்று, அந்தத் தெருவில் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

இந்த வேலைக்கு உன்னைச் சேர்த்துவிட யார் யார் காலில் விழுந்தேன் என்று சொல்லிக்காட்டுகிறவன் நான் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

அண்ணியின் ஊருக்கு வந்து நான்கு நாளாகிறது. இருபது வீடும் முடிந்தது. சராசரி முப்பத்தெட்டு.

மூன்றாவது வீட்டில் படிவத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்கவே தேவையிருக்கவில்லை. கொடியில் துணிகள் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கின. நூல் வெட்டக் கத்தரிக்கோல் கேட்டேன். வீட்டுக்காரி மேசைமேல் வைத்து, கையை எடுத்து, "எடுத்துக்கங்க" என்றாள். நான் தெருமுனை திரும்பும்வரை கதவு திறந்திருந்தது. நான்காவது வீட்டிலும் அப்படியே. ஏழாவதிலும். நான் வளர்ந்த வீட்டுக்குள் இருபது தடவை நுழைந்து இருபது தடவை வெளியே வந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. நான் எழுதிக்கொடுத்த 'நம் வீடு' எது? எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வரை. அம்மா மில்லில் ஷிஃப்ட். வீட்டை நடத்தியது அண்ணி. நான் கற்றதெல்லாம் அவள் கையைப் பார்த்து. அம்மா கத்தரிக்கோலைத் தூக்கி எறிவாள், நாம்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். விருந்தாளி செருப்பில் கால் நுழைக்கும்போதே நம் கதவு சாத்திவிடும். இன்றைக்கு லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து, இப்போதிருக்கும் நம் வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்பினேன். மனசாட்சியோடு. பதினொன்று வந்தது.

அவளைத் துரத்திவிட்டு, அவள் வளர்த்த பழக்கங்களை எடுத்துத் தெற்கு என்று பெயர் வைத்து, அந்த அளவுகோலைக் கொண்டே அவள் தெற்கில்லை என்று நிரூபிக்க வந்திருக்கிறேன். என் கையெழுத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த வளைவான எழுத்துகூட அவள் எழுத வைத்துப் பழக்கியது.

நேற்று அவளைப் பார்த்தேன். பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள். நீளமான ஷெட், முப்பது மெஷின், காற்றில் பஞ்சு. காலர் தைக்கிற வரிசையில் இரண்டாவது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த காலரை முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

"வா. எத்தனை மார்க்கு எனக்கு?"

"அண்ணி..."

"ஊரெல்லாம் பேச்சா இருக்கு. ஒரு பொண்ணு வீடு வீடா வந்து மோந்து பார்க்குதாம். நீதான்னு நினைச்சேன்."

பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. நான் எதையும் பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்று அங்கேயே, மெஷின் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. முதல் தடவை அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் அடுத்த காலரை எடுத்தாள்.

"எனக்குத் தெரியாதா? உனக்குத் தலை தேய்க்க வெந்நீர் விளாவி வச்சதே நான்தானே. அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. பார்த்தேன்னியே, துணி என்ன கலரு?"

அவள் காலரை ஊசிக்கு அடியில் வைத்து மெஷினை ஓட்டினாள்.

சாயங்காலம் பள்ளி விட்டு வாலு அந்த ஷெட்டுக்கே வந்தாள். முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது. பையைக் கழற்றி எறிந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அத்தையா? அப்பா வீட்டு அத்தையா, நல்ல அத்தையா?" அண்ணி அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது? போய்க் கை கழுவு." வாலு போகிற போக்கில் என்னிடம், "அம்மா இப்படித்தான். நீங்க கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவளைத்தான் நீ விடுதியில் போடப்போகிறாய். ஜெயித்து, பூட்டி, சாவியை வார்டனிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய் நிமிர்ந்து உட்காரப்போகிறாய்.

முப்பத்தெட்டு என்று எழுதி இன்று இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன். பேனாவை எப்போதும் பிடிப்பதுபோலத்தான் பிடித்தேன்.

சின்னவள்


ஏப்ரல் 25

இது தங்கைக்கு எழுதும் கடிதம் இல்லை. தங்கையாக இருந்தவளுக்கு.

நேற்று வக்கீல் வீட்டில் இருந்தேன். உன் இயக்குநருக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது. அந்த ஊர் முப்பத்தெட்டு, நம் பக்கம் இருபத்தொன்று என்றால் நம் ஊரைத் தெற்கைவிட்டே தள்ளவேண்டிவரும், வரைபடம் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'களப்பணியாளரின் பிழை சீராக்கப்பட்டது' என்று போட்டு, இருபத்தாறு என்று அறிக்கை கொடுத்துவிட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தெய்வமாகப் பார்த்து நடத்திக்கொடுக்கிறது.

இனி நீ செய்யவேண்டியது ஒன்றுதான். ஒன்றும் செய்யாமலிருப்பது. 30ஆம் தேதி தாண்டும்வரை அங்கேயே கிட. பிறகு வீட்டுக்கு வா. அம்மா காலில் விழு. நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளமாட்டேன். மீறி நீதிமன்றத்துப் படி ஏறினால், உனக்கு அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை. எங்கள் சாவுக்குக்கூடச் சொல்லியனுப்பமாட்டோம்.

மதிப்பெண் பதினொன்று என்று எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. அந்தப் பாவத்தை நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு
அண்ணன் என்று இன்னும் ஐந்து நாளைக்கு அழைக்கப்பட வேண்டியவன்


மே 3

அண்ணா,

நீ 30ஆம் தேதி வரவில்லை. லென்ஸ் பார்சல் வருகிற நாள், கடையைவிட்டு அசைய முடியாது என்று வக்கீல் சொன்னார். எல்லோரும் உன்னைத் தேடியபோது, உன் மகளும் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். வக்கீல் சொல்வதைவிட இது சுருக்கமாக இருக்கும்.

இருபத்தாறு என்ற அறிக்கையை வாசித்தார்கள். நான் பின்வரிசையில் எழுந்து, அந்தப் படிவங்களை எழுதியது நான், அசல் தாள் என்னிடம் இருக்கிறது என்றேன். நீதிபதி என்னை முன்னே கூப்பிட்டார். இருபது தாளையும் புரட்டினார். அளவுகோல் யார் வீடு என்று கேட்டார். மனுதாரர் வீடு, நான் அவர் தங்கை என்றேன். உங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். அந்த வீட்டை அப்போது நடத்தியது இந்த அம்மாதான் என்று அண்ணியைக் காட்டினேன். உங்கள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு துணி. உன் மனுவில் நான்காவது பத்தி, 'சுகாதாரக் குறைவு, தங்கையே நேரில் கண்டது.' நீ அதையும் எழுத்தில் போட்டிருக்கிறாய் என்று அங்கேதான் தெரிந்தது. "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "அப்படியானால் ஏன் சொன்னீர்கள்?" பதினைந்து பேர் பார்த்தார்கள், அதனால் சொன்னேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருவருப்பை முகத்தில் அவ்வளவு மரியாதையாகக் காட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியில் நான் பார்த்துவரும் முகம்தான் அது.

மனு தள்ளுபடி. வாலு தாயிடமே இருப்பாள். தெற்கு எங்கே முடிகிறது என்ற கேள்வி குழந்தை எங்கே தூங்கவேண்டும் என்பதற்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, அறிக்கையை ஓரமாக நகர்த்தினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் அண்ணி என்னிடம் வந்தாள்.

"நன்றியெல்லாம் சொல்லமாட்டேன். அஞ்சு வருஷம் முன்னாடி சொல்லவேண்டியதைத்தான் இன்னைக்குச் சொல்லியிருக்கே."

"தெரியும், அண்ணி."

"எங்க வீட்டுக்கு வராதே. இப்போதைக்கு. வாலு கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"என்ன சொல்வீங்க?"

"உண்மையைத்தான். வேற என்ன?"

அவர்கள் பஸ் ஏறினார்கள். நான் மதியம் வரை அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் மேல் கோபம் வருமென்று காத்திருந்தேன். உன் மேலும். வரவில்லை. ஊசிப்போன சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுகிற மாதிரி ஒன்றுதான் இருந்தது. அதற்குள் என் பங்கும் இருந்தது.

இயக்குநர் என்னை வேலையைவிட்டு நீக்கிய தாள் நேற்று வந்தது. அந்தச் சிவப்புக் கோடு அடுத்த மாதம் அச்சாகிறதாம்.

ஐந்து நாள் தவணை முடிந்துவிட்டது. பழக்கத்தில் அண்ணா என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன். உடைகள் வேண்டாம். பரணில் இருக்கும் புத்தகங்களை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. முடியாவிட்டால் பழைய பேப்பர்காரனுக்குப் போடு.

நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய வீட்டின் கதவைத் தட்டினேன். மாடியில் ஒரே அறை. ஜன்னல் திறக்கிறது. எந்த ஊர் என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

சின்னவள்